வெயில் எல்லாருக்கும் பொது. மானியம் மட்டும் மொட்டைமாடி வைத்திருப்பவருக்கா?

தோழர்களே, ராஜா அண்ணாமலைபுரம் மக்களே!

வரிக் கணக்கு பேசும் மாதம் வந்தாலே நம் பகுதித் தோழர்களிடம் ஒரே கேள்விதான். "சோலார் போட்டா இன்கம் டாக்ஸ்ல கழிக்கலாமாமே, உண்மையா?" மந்தைவெளி டீக்கடையிலும் கேக்குறாங்க, கேசவப் பெருமாள்புரம் பிளாட் அசோசியேஷன் கூட்டத்திலும் கேக்குறாங்க. சோலார் வாங்கு, பழைய ஏசியை மாத்து, முப்பது சதவீதம் வரியில திரும்ப வரும்னு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுத்திக்கிட்டே இருக்கு.

நேராகச் சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் அப்படி ஒரு வரிக்கழிவு கிடையாது. வீட்டில் குடியிருக்கும் சாதாரண மனிதர், தன் வீட்டின் மின்செலவைக் குறைக்கச் செய்யும் எந்தச் செலவுக்கும், சோலார் பேனலோ வெயில் தாங்கும் கூரைப் பூச்சோ மின்சாரம் குறைவாக எடுக்கும் ஃபேனோ எதுவானாலும், வருமான வரியில் ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. 1961ஆம் வருடச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி புதிதாக எழுதிய 2025ஆம் வருடச் சட்டத்தில் 536 பிரிவுகள் இருக்கின்றன. அதிலும் இடமில்லை. யாராவது ஏஜென்ட் வந்து "ஐடி ரிட்டர்ன்ல நான் பாத்துக்கறேன் சார்"னு சொன்னா, அவரை வாசலோடு அனுப்பிடுங்க.

அந்த முப்பது சதவீதக் கதை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. ஆர்.ஏ.புரத்தில் பாதி வீட்டில் பிள்ளையோ பேத்தியோ நியூஜெர்சியிலும் டெக்ஸாசிலும் இருக்காங்க. அங்கே 2022 ஆகஸ்டில் வந்த சட்டப்படி, வீட்டுக்கு வெப்பத் தடுப்பு, நல்ல ஜன்னல், ஹீட் பம்ப் போட்டால் செலவில் 30 சதவீதம், வருடத்துக்கு 3,200 டாலர் வரை, கட்ட வேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளலாம். சோலாருக்கும் தனியாக 30 சதவீதம், அதற்கு உச்சவரம்பும் இல்லை. பிள்ளைங்க போன்ல சொன்னாங்க, அப்பா அம்மா இங்கேயும் இருக்கும்னு நினைச்சாங்க. இதில் அவர்கள் தப்பு என்ன? இருந்திருக்க வேண்டிய ஒன்றுதானே!

ஒன்று சொல்ல வேண்டும், அங்கேயும் அது இப்போ இல்லை. டிரம்ப் அரசு 2025 ஜூலை 4 அன்று கையெழுத்திட்ட சட்டம், இந்த இரண்டு சலுகையையும் 2025 டிசம்பர் 31ஓடு மூடிவிட்டது. எண்ணெய்க் கம்பெனிக்குப் பிடித்த அரசு வந்தால் மக்களின் கூரைக்கு என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை. ஆனால் நம்ம கதை அதைவிடக் கேவலம். அங்கே கொடுத்துவிட்டுப் பறித்தார்கள். இங்கே கொடுக்கவே இல்லை.

"வருமான வரியில் சலுகை கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது"ன்னு டெல்லியில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுக்கத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். கார் வாங்கும் ஆளுக்குக் கொடுத்தார்கள். 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை மின்சார வண்டிக்குக் கடன் வாங்கியவர், அந்த வட்டியில் வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று 80இஇபி என்ற பிரிவையே சேர்த்தார்கள். வண்டிக்குப் பிரிவு உண்டு, வீட்டுக்குக் கிடையாது.

கம்பெனிக்கும் கொடுக்கிறார்கள். இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம், கொஞ்சம் நின்று படிங்க. ஒரு கம்பெனி தன் கட்டடத்தின் மேல் பத்து லட்சம் ரூபாய்க்கு சோலார் போட்டால், முதல் வருடமே அதில் 40 சதவீதத்தைத் தேய்மானம் என்று கணக்கெழுதலாம். நாலு லட்சம் வருமானத்திலிருந்து கழிந்துவிடும். 25 சதவீத வரி கட்டும் கம்பெனி என்றால் ஒரே வருடத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரி மிச்சம். அடுத்த வருடம் மிச்சத்தில் மறுபடி 40 சதவீதம். 2017 மார்ச் வரை இந்தத் தேய்மானம் 80 சதவீதமாகவே இருந்தது. கம்பெனிக்குக் கொடுக்காதே என்று நாங்கள் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டடம். ஒன்றில் ஆபீஸ், ஒன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் குடும்பம். ஒரே வெயில், ஒரே பேனல். ஆபீஸுக்கு வரி குறையும், ஆசிரியருக்குக் குறையாது. இது என்னங்க நியாயம்?

வீட்டைப் பழுதுபார்க்க, மாற்றிக் கட்டக் கடன் வாங்கினால் வட்டிக்கு ஒரு கழிவு இருக்கே என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். இருக்கு. குடியிருக்கும் வீட்டுக்குப் பழைய வரி முறையில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வட்டி வரை. புதிய முறைக்கு மாறிவிட்டால் அதுவும் போச்சு. சம்பளக்காரர்களை எல்லாம் புதிய முறைக்குத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அந்த 30,000 கூட சோலாருக்கென்றோ வெப்பத் தடுப்புக்கென்றோ வந்ததில்லை. பெயிண்ட் அடித்தாலும் அதே, மார்பிள் போட்டாலும் அதே.

சரி, வரியில் இல்லை. மானியமாவது இருக்கே?

இருக்கு. 2024 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்த சூர்ய கர் திட்டம். 75,021 கோடி ரூபாய், ஒரு கோடி வீடு, மாதம் 300 யூனிட் இலவசம் என்று தேர்தலுக்கு முன்னால் ஊர் ஊராக விளம்பரம். முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக அதிகபட்சம் 78,000 ரூபாய். நல்ல திட்டமா என்று கேட்டால், போட முடிந்தவருக்கு நல்ல திட்டம்தான். எங்கள் ஆதரவாளர்கள் பலரும் போட்டிருக்கிறார்கள், இரண்டு மாத ஈ.பி. பில் நாலு இலக்கத்திலிருந்து இரண்டு இலக்கத்துக்கு இறங்கியதைக் காட்டுகிறார்கள். அதை மறைத்து அரசியல் செய்ய வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை.

ஆனால் "இலவச மின்சாரம்" என்ற அந்தப் பெயர் இருக்கே, அது பொய். மூன்று கிலோவாட் போட இரண்டு லட்சம் ரூபாயை ஒட்டி ஆகும். முதலில் முழுப் பணத்தையும் நீங்கள் கட்ட வேண்டும், இல்லையென்றால் வங்கிக் கடன். பேனல் ஏறி, மீட்டர் மாற்றி, ஓட ஆரம்பித்த பிறகுதான் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். அதற்குள் அரசு தன் பங்கை எடுத்துவிடும். சோலார் அமைப்பின் விலையில் 70 சதவீதத்தைப் பொருள் என்றும் 30 சதவீதத்தை வேலை என்றும் பிரித்து, பொருளுக்கு 5, வேலைக்கு 18 என்று ஜிஎஸ்டி போடுகிறார்கள். கணக்குப் பார்த்தால் 8.9 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு 17,800 ரூபாய். 2025 செப்டம்பர் 22க்கு முன்னால் இன்னும் அதிகம், 13.8 சதவீதம். ஒரு கையில் 78,000 கொடுத்து, மறு கையில் 17,800 வாங்கிக்கொள்வதற்குப் பேர் இலவசமா?

இப்போ நம்ம ஏரியாவுக்கு வாங்க. ஆர்.ஏ.புரம்னாலே வெளியில் இருப்பவர்களுக்குப் பெரிய பங்களா, போட் கிளப், கிரீன்வேஸ் ரோட்டில் அமைச்சர்கள் வீடு, எம்.ஆர்.சி. நகர் அடுக்கு மாளிகைகள்தான் ஞாபகம் வரும். டி.வி. சேனல்காரங்களுக்கும் அதுதான் தெரியும். உள்ளே நடந்து பாருங்கள். எண்பதுகளில் கட்டிய மூன்று மாடி பிளாட்டுகள், அதற்குப் பின்னால் ஒண்டுக் குடித்தன வீடுகள், வாரியக் குடியிருப்புகள், பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர். 2022 மே மாதம் அங்கே வீடுகளை இடித்தபோது என்ன நடந்தது என்பதை இந்த ஊர் மறக்கவில்லை. எல்லாம் ஒரே பின்கோடுக்குள்.

இந்த ஒரே பின்கோடுக்குள் சூர்ய கர் மானியம் எப்படிப் பிரிகிறது பாருங்க. கணக்கு எங்களுடையது, நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

தனி பங்களா வைத்திருக்கிற குடும்பம். மூன்று கிலோவாட்டுக்கு 300 சதுர அடி மொட்டைமாடி போதும். மானியம் 78,000 ரூபாய், ஒரு குடும்பத்துக்கு.

பன்னிரண்டு வீடு உள்ள பழைய பிளாட். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, துணி காயப் போடுகிற இடம், பக்கத்து உயரக் கட்டடத்தின் நிழல் எல்லாம் போக 1,200 சதுர அடி கிடைத்தால் பெரிய விஷயம். அதில் பன்னிரண்டு கிலோவாட் வரும். குடியிருப்புச் சங்கத்துக்கு மானியம் கிலோவாட்டுக்கு 18,000தான், அதுவும் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு மாதிரி பொதுப் பயன்பாட்டுக்கு. மொத்தம் 2,16,000. பன்னிரண்டால் வகுத்தால் குடும்பத்துக்கு 18,000. பிளாட்காரர் தனியாக 78,000க்கு விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கு. அதற்கு மொட்டைமாடியில் உரிமை காட்டணும், மத்த பதினோரு வீட்டுக்காரரும் சம்மதிக்கணும். ஒரு வீட்டுக்காரர் சிங்கப்பூரில், இன்னொரு வீடு வாரிசுத் தகராறில், மூணாவது ஆளுக்கும் செகரட்டரிக்கும் பத்து வருஷமாப் பேச்சே இல்லை. அசோசியேஷன் மீட்டிங் நடத்திப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

வாடகைக்கு இருப்பவர். மானியம் சைபர்.

வாரியக் குடியிருப்பில் இருப்பவர். அவருடைய மொட்டைமாடி அரசாங்கத்தின் கையில். மானியம் சைபர்.

78,000, அப்புறம் 18,000, அப்புறம் ஒண்ணுமில்லை. யாரிடம் நிலம் அதிகமோ அவருக்கு மானியம் அதிகம். சூரியனைக்கூடப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள் தோழர்களே!

வாடகைக்காரர் நிலைமையைத் தனியாகச் சொல்லியாகணும். இந்தத் தெருக்களில் எத்தனை வீட்டில் சப் மீட்டர்! ஓனர் பேரில் ஒரு ஈ.பி. இணைப்பு, கீழே இரண்டு மூன்று குடித்தனம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மீட்டர். "யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய்"ன்னு குடி வரும்போதே பேச்சு. இரண்டு மாதத்தில் 300 யூனிட் செலவு பண்ணும் குடும்பத்தை எடுத்துக்குங்க. அவங்க பேரில் தனி இணைப்பு இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த நூறு, அதற்கடுத்த நூறு என்று போட்டால் சுமார் 700 ரூபாய். சப் மீட்டரில் 2,700 ரூபாய். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் கூடுதல், வருடத்துக்கு 12,000. தமிழ்நாட்டு மக்களுக்கு 2016லிருந்து கிடைக்கும் 100 யூனிட் இலவசம் அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. எல்லா ஓனரும் இப்படி இல்லை. ஈ.பி. கார்டைக் காட்டி, பில்லைச் சமமாகப் பிரித்து வாங்கும் ஓனர்களும் இதே தெருவில் உண்டு. ஆனால் சட்டத்தை நம்பி வாழ வேண்டியவர்களை ஓனரின் நல்ல மனசை நம்பி வாழச் சொல்வது அரசின் வேலை இல்லை.

இதே ஓனர் நாளைக்கு 78,000 மானியத்தில் சோலார் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பில் கிட்டத்தட்ட சைபருக்கு வரும். கீழ் வீட்டு சப் மீட்டரில் யூனிட் என்ன விலை? அதே ஒன்பது ரூபாய்! மக்கள் வரிப்பணத்தில் கூரையில் ஏறிய மின்சாரம், அதே மக்களுக்கு ஒன்பது ரூபாய்க்கு விற்கப்படும். திட்டத்தின் விதியில் இதைத் தடுக்க ஒரு வரி இருக்கா? இல்லை.

மாநில அரசையும் விடுவதாக இல்லை. பிளாட்டுகளின் பொதுப் பயன்பாட்டு மின்சாரம் வீட்டுக் கட்டணத்தில்தான் இருந்தது. 2022 செப்டம்பரில் அதைத் தனியாகப் பிரித்து யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆக்கினார்கள். எதிர்ப்பு வந்ததும் 2023 அக்டோபரில் பத்து வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்கு மேல் இல்லாத, லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசு என்று இறங்கி வந்தார்கள். லிஃப்ட் இருந்தால் பணக்காரர் என்று எந்த அதிகாரி முடிவு பண்ணினாரோ! எழுபது வயசுக்கு மேல் முட்டி தேய்ந்துபோன பெரியவர்கள், சீட்டுக் கட்டி, நகை அடகு வைத்துப் பழைய கட்டடத்துக்கு லிஃப்ட் போட்டார்கள். அதற்குத் தண்டனை மாதிரி ஒரு கட்டணம்.

வீட்டுப் பில்லில் இன்னொரு பள்ளம் இருக்கு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டோடு நின்றால் ஒரு கணக்கு. 501 ஆனால் அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருக்கும் யூனிட்டுக்கும் விலை மாறும். ஒரே யூனிட்டில் பில் 200 ரூபாய்க்கு மேல் குதிக்கும். மே மாத ரீடிங் எடுக்க ஆள் நாலு நாள் தாமதமா வந்தா போதும். மாதாமாதம் கணக்கெடுப்பு என்று 2021 தேர்தலில் கொடுத்த வாக்குறுதி என்ன ஆச்சு என்று இன்றும் மக்கள் கேட்கிறார்கள்.

இந்தச் சூழலில்தான் "மின்சாரத்தைச் சேமியுங்கள்" என்று விளம்பரம் வருகிறது. சேமிக்க மக்கள் தயார். 2003இல் எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று ஆணை வந்தபோது சென்னை மக்கள் என்ன செய்தார்கள்? ஒரு ரூபாய் வரிச் சலுகை கேட்காமல், சொந்தக் காசில் குழாய் போட்டு, குழி வெட்டி முடித்தார்கள். மக்களுக்கு மனசு இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. காசுதான் இடிக்கிறது.

எவ்வளவு காசு? சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட். புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டி. ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றினால், ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேன் என்றால் 120 யூனிட். நாம் மேலே சொன்ன 500 யூனிட் பள்ளத்தில் விழாமல் எத்தனையோ குடும்பத்தை இந்த மூன்று ஃபேன் காப்பாற்றும். சோலார் மாதிரி மொட்டைமாடி வேண்டாம், பதினோரு பேர் கையெழுத்து வேண்டாம், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். வாடகைக்காரருக்கென்றே அமைந்த பொருள். ஆனால் விலை சாதாரண ஃபேனைப் போல இரண்டு மடங்கு வரை. அதற்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், மின்சாரத்தைக் குடிக்கும் பழைய மாடலுக்கும் 18 சதவீதம். ஏசியிலும் அப்படியே. ஐந்து ஸ்டாருக்கும் ஒரு ஸ்டாருக்கும் ஒரே வரி. வரி போடுகிறவருக்கு ஸ்டார் எண்ணத் தெரியாதா? மேல்மாடியில் குடியிருப்பவர் வெயில் தாங்காமல் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம் என்று போனால் பெயிண்டுக்கும் 18. ஆறாயிரம் ரூபாய்க்குப் பூச்சு வாங்கினால் அதற்கு மேல் 1,080 ரூபாய் அரசு கஜானாவுக்கு.

விலையைக் குறைக்க முடியாது என்று சொல்லாதீர்கள். எல்.இ.டி. பல்பில் செய்து காட்டியிருக்கிறது இதே நாடு. ஒன்றிய அரசின் பொதுத்துறை நிறுவனமான ஈ.ஈ.எஸ்.எல். கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கியபோது, 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை மூன்று வருடத்துக்குள் 38 ரூபாய்க்கு வந்தது. பொதுத்துறை இறங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதே வழியில் ஃபேனை ரேஷன் கார்டுக்கு இரண்டு என்று கொடுத்திருக்கலாமே! விளம்பரம் பேனலுக்குத்தான் பெரிசா எடுபடும் போலிருக்கு.

அப்படியானால் எங்கள் கோரிக்கை என்ன? "வருமான வரியில் கழிவு கொடு" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போக மாட்டோம். ஏன் என்றால், வருமானத்தில் கழிவு என்பது முப்பது சதவீத வரி கட்டும் ஆளுக்கு முப்பது ரூபாய், ஐந்து சதவீதக்காரருக்கு ஐந்து ரூபாய், வரி கட்டாதவருக்கு ஒன்றுமில்லை. 12 லட்சம் வரை வரியே இல்லை என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்த பிறகு, நம் பகுதியில் ஓட்டுநர், வீட்டு வேலை செய்யும் அம்மா, கடை ஊழியர், கோயில் குருக்கள், பள்ளி ஆசிரியை பலரும் வரி கட்டும் கூட்டத்திலேயே இல்லை. அமெரிக்கச் சலுகையிலும் இந்த ஓட்டை இருந்தது. கட்ட வேண்டிய வரி இருந்தால்தான் கழியும், இல்லாதவருக்குப் பணமாகத் திரும்பாது. மறுபக்கம் இத்தாலி. அங்கே 2020இல் செலவுக்கு மேலேயே, 110 சதவீதம் தருகிறோம் என்று வரம்பில்லாமல் திறந்துவிட்டு, 100 பில்லியன் யூரோவுக்கு மேல் போய், போலி பில் மோசடியில் மாட்டி விழித்தார்கள். அந்த இரண்டும் வேண்டாம்.

வரி கட்டுகிறவருக்கு வரியில் கழியட்டும். கட்டாதவருக்கு அதே தொகை வங்கிக் கணக்குக்கு வரட்டும். உச்சவரம்பு வையுங்கள், ஒரு குடும்பத்துக்கு ஒருமுறை என்று வையுங்கள், ஸ்டார் லேபிளும் ஜிஎஸ்டி பில்லும் கேளுங்கள். ஐந்து ஸ்டார் பொருளுக்கும், வெப்பம் தடுக்கும் பூச்சுக்கும், சோலார் ஹீட்டருக்கும் ஜிஎஸ்டியை எடுத்துவிடுங்கள். கம்பெனிக்குத் தேய்மானம் கொடுக்கத் தெரிந்த அரசுக்கு இது கஷ்டமான கணக்கு இல்லை.

அடுத்தது மாநகராட்சி. சொத்து வரி 2022 ஏப்ரலில் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. 600 சதுர அடிக்குக்கூட 50 சதவீதம், 1,800க்கு மேல் பழைய சென்னையில் 150 சதவீதம். வாங்கத் தெரிகிறது. புனேயில் சோலார் ஹீட்டரோ மழைநீர் சேகரிப்போ வைத்தால் சொத்து வரியில் 5 சதவீதம், ஒன்றுக்கு மேல் வைத்தால் 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறது அந்த மாநகராட்சி. சென்னையில் சீக்கிரம் பணம் கட்டினால் 5 சதவீதம் குறைக்கிறார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய். சீக்கிரம் காசு கொடுப்பவருக்குப் பரிசு, மின்சாரம் சேமிப்பவருக்குப் பரிசு இல்லை! புனேக்காரருக்குக் கிடைப்பது சென்னைக்காரருக்கு ஏன் கிடைக்கக்கூடாது? கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போடுங்கள். வாடகைக்காரரிடம் ஈ.பி. கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா வாங்கும் ஓனருக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது என்று.

மாநில அரசுக்கும் வேலை இருக்கு. உத்தரப் பிரதேசம் ஒன்றிய மானியத்தின் மேல் 30,000 ரூபாய் வரை தன் பங்காகக் கொடுக்கிறது. டெல்லியும் 30,000 சேர்த்து மொத்தம் 1,08,000 ஆக்கியது. வீட்டுக்கூரை சோலாரில் குஜராத், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், கேரளம் எல்லாம் நமக்கு முன்னால் நிற்கின்றன. நாம் பின்தங்கிய ஊரும் இல்லை. 2011இலேயே கிராமத்து ஏழைகளுக்குச் சூரிய விளக்கோடு பசுமை வீடு கட்டிக் கொடுத்த மாநிலம் இது. 2013இல் வீட்டுக்கூரை சோலாருக்குக் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் மாநிலத்தின் பங்காகக் கொடுத்த மாநிலம். கட்சி வேறாக இருக்கலாம், செய்தது செய்ததுதான். அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது?

வாரியக் குடியிருப்பு மொட்டைமாடி எல்லாம் அரசின் கையில்தானே இருக்கு? யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. அரசே பேனல் போட்டு, வரும் யூனிட்டைக் கீழே குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டு பில்லிலும் பிரித்துக் கழிக்கட்டும். ஒரு இடத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பல வீட்டு பில்லில் கழிக்க டெல்லியில் 2019லிருந்தே விதிமுறை இருக்கிறது. அதே முறை எங்கள் பிளாட்டுக்கும், ஒண்டுக் குடித்தனத்துக்கும் வேண்டும். தன் கூரை இல்லாதவரும் எங்கோ ஒரு பள்ளிக்கூட மாடியில் ஒரு கிலோவாட்டுக்குப் பங்கு போட்டு, அதைத் தன் பில்லில் பார்க்கும் வழி வேண்டும்.

"பணக்கார ஏரியாவுக்குப் போராட்டமா?" என்று கிண்டல் பண்ணும் நண்பர்களுக்கு: இந்த ஏரியாவின் பணக்காரர் எங்களைக் கேட்கவே இல்லை. அவர் 78,000ஐ வாங்கி, பேனல் போட்டு, ஏசியை 24இல் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறார். மேல்மாடிச் சிமெண்ட் தளத்துக்குக் கீழே ராத்திரி பதினோரு மணிக்கும் அனல் இறங்காமல் ஈரத் துணியைத் தரையில் விரிக்கிறாரே, அவருக்காகத்தான் இந்தப் பதிவு.

அதுவரைக்கும், இருக்கும் திட்டத்தை யாரும் விட்டுவிட வேண்டாம். தகுதி இருப்பவர்கள் கட்டாயம் விண்ணப்பியுங்கள், அது உங்கள் வரிப்பணம். விண்ணப்பம் ஒன்றிய அரசின் சூர்ய கர் தேசிய இணையதளத்தில் மட்டும், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கில் வேண்டாம். ஈ.பி. இணைப்பு இறந்துபோன அப்பா பேரிலேயே இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். நம் பகுதியில் பாதி விண்ணப்பம் அங்கேதான் தடுக்கி விழுகிறது. உள்நாட்டில் செய்த செல் கொண்ட பேனல்தான் மானியத்துக்குச் செல்லும், பில்லில் அது எழுதியிருக்கா என்று பாருங்கள். பதிவு பெற்ற வென்டரா என்று இணையதளத்திலேயே சரிபார்த்து, மீட்டர் மாற்றி ஓடும்வரை கடைசித் தவணையைக் கையில் வையுங்கள். 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு என்று யாரும் உங்களை அலைக்கழிக்க விதியில் இடமில்லை. அலைக்கழித்தால் பகுதிக் குழுவிடம் சொல்லுங்கள், நாங்கள் கூட வருகிறோம்.

சப் மீட்டர் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓனர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார், இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட், எந்தத் தெரு, இது மூன்றை மட்டும் இன்பாக்ஸில் அனுப்புங்கள். பெயரும் வீட்டு எண்ணும் வேண்டாம், வெளியே விட மாட்டோம். மயிலாப்பூர் தொகுதி முழுக்கத் திரட்டி, மின் ஒழுங்குமுறை ஆணையத்திலும் மாநகராட்சியிலும் மனுவோடு இணைக்கப் போகிறோம். பிளாட் அசோசியேஷன்காரங்க பொதுப் பயன்பாட்டு பில்லின் கடைசி மூன்று நகலை எடுத்து வையுங்கள். கையெழுத்துத் தாளோடு தோழர்கள் சாயந்தரம் ஆறு மணிக்கு மேல் வருவாங்க, பகல்ல வந்தா மாடி ஏறவே முடியலை.